ஒரே ஆளுக்கு ஏன் ரெண்டு பொறுப்பு? நம்ம சிங்கப்பூர் அமைச்சரவை ஓடுற விதம்

2025 மே 23, அதிபர் மாளிகையான இஸ்தானால புது அமைச்சரவை பதவியேத்தப்ப வீட்ல டிவி ஓடிட்டு இருந்துச்சு, அம்மா பாத்துட்டே கேட்டாங்க, "சான் சுன் சிங் தற்காப்பு அமைச்சர்னு சொன்னாங்களே, அப்புறம் என்ன பொதுச் சேவைகளுக்கான ஒருங்கிணைப்பு அமைச்சர்? ஒரே ஆளுக்கு ரெண்டு வேலையா?" அப்ப எனக்கு சரியா பதில் சொல்லத் தெரியல, அதுக்கப்புறம் அரசமைப்புச் சட்டத்த எடுத்துப் படிச்சேன்.

முதல்ல அடிப்படை. நாடாளுமன்றத்துல பெரும்பான்மையோட நம்பிக்கை யாருக்கு இருக்கும்னு அதிபர் கருதுறாரோ அந்த உறுப்பினரத்தான் பிரதமரா நியமிப்பார், இது 25ஆவது பிரிவு. மத்த அமைச்சர்கள பிரதமர் சொல்ற ஆலோசனைப்படிதான் அதிபர் நியமிக்கணும், அவங்களும் நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தே ஆகணும். இந்தியாவுல உறுப்பினரா இல்லாதவங்களும் ஆறு மாசம் வரைக்கும் அமைச்சரா இருக்க முடியும், இங்க அந்த வழியே கிடையாது. அதனாலதான் ராணுவத்துலயும் அரசாங்கத்துலயும் பெரிய பதவில இருந்த டேவிட் நியோ, ஜெஃப்ரி சியாவ் ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டு வந்து மே 3 தேர்தல்ல நின்னு ஜெயிச்சு, இருபதே நாள்ல தற்காலிக அமைச்சரா பதவியேத்தாங்க. தற்காலிகம்னா சும்மா உக்கார வச்சிருக்காங்கன்னு நினைக்காதீங்க, அமைச்சு முழுசா அவங்க கையிலதான், அத நடத்திக் காட்டினப்புறம் முழு அமைச்சர் ஆகுறதுதான் இங்க வழக்கம்.

சரி, அம்மா கேட்டதுக்கு வரேன். எங்க பாட்டி போன வருஷம் குளியலறைல வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்தப்ப நான் அலைஞ்சத நினைச்சுப் பாத்தா பதில் அதுக்குள்ளயே இருக்கு. வைத்தியம் சுகாதார அமைச்சு, குளியலறைல கைப்பிடி மாட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கிட்ட (வீவக) விண்ணப்பிச்சோம், அது தேசிய வளர்ச்சி அமைச்சுக்குக் கீழ வருது, பாத்துக்க பணிப்பெண் எடுத்தா வொர்க் பெர்மிட் மனிதவள அமைச்சு, சக்கர நாற்காலியோட பஸ் ஏறணும்னா போக்குவரத்து அமைச்சு. விழுந்தது ஒரு கிழவி, ஆனா நாலு அமைச்சு. ஒவ்வொண்ணும் தன் வேலைய ஒழுங்கா செஞ்சாலும் நடுவுல இருக்குற இடைவெளிலதான் குடும்பம் மாட்டிக்கும். அந்த இடைவெளியப் பாக்கத்தான் ஒருங்கிணைப்பு அமைச்சர்ங்கிற பதவி. 2015ல அப்பப் பிரதமரா இருந்த லீ சியன் லூங் மூணு பேர அப்படி வச்சார், அதுல ஒருத்தர் இப்ப அதிபரா இருக்குற தர்மன் சண்முகரத்னம், அவர் பாத்தது பொருளாதாரமும் சமூகக் கொள்கையும். இப்பப் பிரதமரா இருக்குற லாரன்ஸ் வோங் 2025ல மறுபடி மூணு பேர போட்டார்: பொதுச் சேவைகளுக்கு சான் சுன் சிங், சமூகக் கொள்கைக்கு ஓங் யி காங், தேசியப் பாதுகாப்புக்கு கா. சண்முகம். மூணு பேருமே சொந்தமா ஒரு அமைச்சையும் நடத்துறாங்க, அது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன், ஏன்னா கையில அமைச்சு இல்லாம மேல இருந்து ஒருங்கிணைக்கிறேன்னு சொன்னா யார் கேப்பா? பிரதமரே நிதி அமைச்சராவும் இருக்கார், பணப்பை அவர்ட்டயே.

துணை அமைச்சர், மூத்த துணை அமைச்சர், நாடாளுமன்றச் செயலாளர் எல்லாரும் அரசியல் பதவில இருக்குறவங்கதான் ஆனா அமைச்சரவைக்குள்ள வரமாட்டாங்க, இத நிறைய பேர் கலந்துக்குறாங்க. இவங்கள்ல நிறைய பேர ரெண்டு அமைச்சுல போடுறாங்க, ரெண்டு பக்கத்து ஃபைலும் ஒரே ஆள் கண்ணுல படும். நிரந்தரச் செயலாளர் வேற ரகம், அவர் அரசாங்க அதிகாரி, தேர்தல்ல நிக்கிறவர் இல்ல, அமைச்சர் மாறினாலும் அமைச்சோட வேலை நிக்காம ஓடுறது அவர மாதிரி ஆளுங்களாலதான்.

அமைச்சரவைக் கூட்டத்தக் கூட்டுற அதிகாரம் பிரதமருக்கு. உள்ள எவ்ளோ வேணா வாதாடலாம், ஆனா முடிவுன்னு ஒண்ணு வந்துட்டா அது எல்லாரோட முடிவு, 24ஆவது பிரிவு அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டாப் பொறுப்புன்னு சொல்லுது. ஏத்துக்கவே முடியலன்னா பதவி விலகணும், வெளிய வந்து "நான் அப்பவே வேண்டாம்னேன்"னு சொல்லிட்டு உள்ளயே இருக்க முடியாது. வீட்டு விலையோ தண்ணி கட்டணமோ ஏறினா அந்த ஒரு அமைச்சரத் திட்டுறோம், ஆனா அதுல எல்லாருக்கும் பங்கு உண்டு.

ரெண்டு பொறுப்பு புதுசும் இல்ல. 1959ல முதல் அமைச்சரவைல ஒன்பது பேர்தான், கலாசார அமைச்சர் சி. ராஜரத்தினம், யாழ்ப்பாணத்துல பொறந்தவர். 1965ல தனி நாடானப்ப வெளியுறவு அமைச்ச புதுசா உருவாக்கி அவர்ட்ட குடுத்தாங்க, அதே சமயம் உள்துறையும் தற்காப்பும் சேர்ந்து ஒரே அமைச்சா கோ கெங் சுவீ கையில, அது 1970லதான் ரெண்டாப் பிரிஞ்சது. பிரிட்டிஷ்காரங்க படைய எடுத்துட்டுப் போறோம்னு 1968ல சொன்னாங்க, தளங்கள நம்பி இருந்தவங்களோட வேலை எல்லாம் என்னாகுமோன்னு இருந்த நேரம், அப்ப தொழிலாளர் அமைச்சும் ராஜரத்தினம் தலைலதான், 1971 வரைக்கும் வெளியுறவையும் அதையும் சேர்த்தே பாத்தார். அம்மாட்ட இதச் சொன்னதும், "நம்ம தமிழர் அப்பவே ரெண்டு பாத்திருக்காரா"ன்னு கேட்டு டிவி சத்தத்தக் குறைச்சுட்டு, அவரப் பத்தி இன்னும் சொல்லச் சொன்னாங்க.