கார்டில் எழுதியிருப்பதும் நாம் வாசிப்பதும்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் போட்டிகளில் நடுவராக இருக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை விதி தெரியாததால் வருபவை அல்ல, கார்டின் வாசகத்தில் எந்தச் சொல் எதனோடு சேர்கிறது என்று பார்க்காததால் வருபவை.

அண்மையில் ஒருவர், எதிராளியை ஒரு கிரியேச்சரை (களத்தில் நிற்கும் உயிரினக் கார்டை) பலியிட வைக்கும் ‘டயபாலிக் எடிக்ட்’ கார்டை ஆடினார். எதிரே இருந்தவரிடம் ‘ஸ்லிப்பரி போகிள்’ என்ற ஒரே கிரியேச்சர்தான் இருந்தது. எதிராளியின் மந்திரங்கள் போகிளை டார்கெட் செய்ய (இலக்காகக் குறிக்க) முடியாது, ஆகவே அது தப்பிவிடும் என்று போகிளை வைத்திருந்தவர் உறுதியாக வாதிட்டார். எடிக்டின் வாசகத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘டார்கெட் ப்ளேயர்’ என்று தொடங்கியவரின் குரல் இரண்டாவது சொல்லிலேயே தணிந்துவிட்டது. அங்கே டார்கெட் ஆவது ஆட்டக்காரர்; கிரியேச்சரைத் தேர்ந்து பலியிடுபவர் அவரேதான் என்பதால், போகிளின் காப்புக்கு அங்கே வேலையே இல்லை.

2008-இல் அச்சான போகிளில், இந்தக் காப்பைக் குறிக்கும் ‘ஹெக்ஸ்ப்ரூஃப்’ என்ற சொல்லும் கிடையாது. அது 2011-இல்தான் விதிச்சொல்லானது. பழைய கார்டு கையில் இருந்தாலும், வெளியீட்டாளரின் கேதரர் தளத்திலுள்ள ‘ஆரக்கிள்’ என்ற திருத்தப்பட்ட அதிகாரபூர்வ வாசகமே செல்லும்.

எழுதுபவர்களுக்கும் சறுக்கும். 1993-இல் ஆட்டம் வெளியாவதற்கு முந்தைய சோதனைக் காலத்தில், பின்னாளில் ‘டைம் வாக்’ ஆன கார்டில் இருந்த ‘Opponent loses next turn’ என்ற வாக்கியத்தை ‘எதிராளி அடுத்த முறையை இழக்கிறார்’ என்றும், ‘அடுத்த முறையில் தோற்கிறார்’ என்றும் வாசிக்க முடிந்தது.

2007-இல் வந்த ‘ஆப்லிவியன் ரிங்’ இன்னும் நுட்பமானது. களத்துக்கு வரும்போது வேறொரு கார்டை எக்ஸைல் செய்வது (களத்திலிருந்து ஒதுக்கி வைப்பது) ஒரு வாக்கியம். களத்தை விட்டு நீங்கும்போது அதைத் திருப்பித் தருவது இன்னொரு வாக்கியம். முதல் வாக்கியத்தின் ட்ரிக்கர் (தானாக எழும் விளைவு) ஸ்டேக்கில், அதாவது கடைசியாக ஏறியது முதலில் நிறைவேறும் அடுக்கில், காத்திருக்கும்போதே ரிங்கை அழித்துவிட்டால், இரண்டாவது ட்ரிக்கர் அதன் மேல் ஏறி முன்னதாக நிறைவேறும். திருப்பித் தர அப்போது எதுவும் இருக்காது. பிறகு முதல் ட்ரிக்கர் நிறைவேறும்போது போகும் கார்டு திரும்பி வராது. 2013-இன் ‘பேனிஷர் ப்ரீஸ்ட்’, எதிராளியின் கிரியேச்சரை எக்ஸைல் செய்வதை ‘களத்தை விட்டு நீங்கும் வரை’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. ப்ரீஸ்ட் முன்பே வீழ்ந்தால் எதிராளியின் கிரியேச்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டும் ஒரே வேலைதானே என்று நினைத்து டெக் (கார்டுக்கட்டு) கட்டியவர்கள்தான் என்னை அதிகம் அழைக்கிறார்கள்.

அழைப்பதாக இருந்தால், மேசையில் ஒரு கார்டையும் நகர்த்துவதற்கு முன்பே கையை உயர்த்துங்கள்.