தண்ணீரும் இறங்கவில்லையா? அது காஸ்ட்ரைடிஸ் இல்லை

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா வந்தார். காஸ்ட்ரைடிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்று இரண்டு வருசமாக ஒமெப்ரசோல், கூடவே டொம்பெரிடோன் குளிசை, இடைக்கிடை வெள்ளைச் சிரப். நிறை 13 கிலோ குறைந்திருக்கிறது. "புட்டு இறங்காது டொக்டர், சோறு இறங்காது, இப்ப பிளேன்டீயும் நெஞ்சில நிக்குது." கவளத்துக்குக் கவளம் எழுந்து நின்று சுடுதண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறாராம்.

ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லை, குசினிக்குள் மயங்கி விழுந்ததற்காக. "பிரஷர் குளிசை தொண்டைக் குழாயை இளக்குமாம்" என்று கனடாவிலுள்ள பெறாமகள் எதையோ வாசித்துச் சொல்ல, கணவருடைய நிஃபெடிபினை இடித்து நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். அது மெல்ல மெல்லக் கரையச் செய்த குளிசை. இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இரத்தத்தில் சேரும், பிரஷர் சரிந்துவிடும்.

பெறாமகள் சொன்னதில் பாதி சரி. இந்த வருத்தத்தின் பெயர் அகலேசியா. களத்தின், அதாவது தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகும் உணவுக்குழாயின், அடியிலுள்ள வால்வு, விழுங்கும்போது திறக்க மறுக்கிறது. நிஃபெடிபின், இருதய நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ஐசோசோர்பைட் டைநைட்ரேட் இரண்டும் அந்தத் தசையைச் சற்று இளக்கும். சாப்பாட்டுக்கு முன் நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுப்பதுண்டு. கொஞ்ச நேரம் வழி விடும், அவ்வளவுதான். தலையிடி, கால்வீக்கம், தலைசுற்று கூடவே வரும். நாள்பட உடம்பு பழகிவிட, பலனும் குறையும். பலூன் வைத்து விரிக்கவோ சத்திரசிகிச்சைக்கோ நாள் கிடைக்கும்வரை, அல்லது அவை தாங்காத உடம்புக்கு மட்டுமே நான் எழுதுவேன்.

என்னை எரிச்சலூட்டுவது குளிசை இல்லை, "காஸ்ட்ரைடிஸ்" என்ற சொல். கொழும்பில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் இடையில் எது நடந்தாலும் அதற்குக் காஸ்ட்ரைடிஸ் என்றுதான் பெயர். ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும். பூட்டிய கதவை அது எப்படித் திறக்கும்? "நெஞ்செரிவும் இருக்கே" என்பார்கள். இருக்கும்தான். இறங்காமல் தேங்கிய சோறு புளித்தாலும் நெஞ்சு எரியும். வழமையான நெஞ்செரிவில் வால்வு தளர்ந்து அமிலம் மேலே ஏறுகிறது. இதில் வால்வு இறுகிக்கிடக்கிறது. இரண்டும் நேரெதிர். திரும்பவும் சொல்கிறேன்: நேரெதிர். எதுக்களிக்கும்போது வயிற்று அமிலத்தின் புளிப்போ பித்தத்தின் கசப்போ இல்லாமல் காலையில் சாப்பிட்ட சோறே அப்படியே வருகிறதா, இரவில் தலையணை நனைகிறதா, படுத்தால் இருமுகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

"எண்டொஸ்கொபி செய்தாச்சு, ஒண்டும் இல்லை எண்டவை" என்பது அடுத்தது. வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் அந்த எண்டொஸ்கொபியில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் களத்தின் அடி பறவை அலகுபோல் கூர்ந்து தெரியும். அழுத்தம் அளக்கும் மனோமெட்ரிதான் முடிவைச் சொல்லும்.

ஊசி பற்றியும் கேட்கிறார்கள். ஆம், முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே பொடொக்ஸ். எண்டொஸ்கொபி வழியாக வால்வைச் சுற்றி நாலு இடத்தில், மொத்தம் 100 யூனிற். ஆறு மாதம், ஒரு வருசம் தாங்கும், பிறகு பழையபடி. சத்திரசிகிச்சை தாங்காத வயோதிபருக்கு நல்லது. நாற்பது வயதுக்காரருக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடம் தழும்பேறி, பிறகு வெட்டும் சேர்ஜன் எங்களைத்தான் திட்டுவார். அந்தத் தசையை வெட்டிவிடும் வழியை ஜெர்மன் சேர்ஜன் ஹெல்லர் 1913இலேயே காட்டிவிட்டார். 2008இல் ஜப்பானில் டொக்டர் இனோவே எண்டொஸ்கொபி கொண்டு வாய்வழியாகவே அதைச் செய்து காட்டினார். பலூனும் கத்தியும் வருசக்கணக்கில் கைகொடுக்கும். குளிசை கொடுக்காது.

அடுத்தவர் குளிசையை எடுக்காதீர்கள். எதையும் இடிக்காதீர்கள். ஐசோசோர்பைட் எடுக்கும் ஐயாமார், வயாகரா வகை எதையும் தொடாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் உயிர் போகும். இரவுச் சாப்பாட்டை வெள்ளென முடித்து, தலைமாட்டை உயர்த்திப் படுங்கள்.

அறுபது தாண்டியவருக்கு, அதிலும் வெற்றிலை போடுபவருக்கு, இரண்டு மூன்று மாதத்துக்குள் விழுங்கக் கஷ்டமாகி உடம்பும் மெலிந்தால், தயவுசெய்து அகலேசியா என்றும் நினைக்காதீர்கள். புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும். பார்மசியில் நின்று "இன்னும் ஒரு கார்ட் தாங்கோ" என்று கேட்கிற நேரம் அது இல்லை.

அந்த அம்மாவுக்குப் பலூனுக்கு நாள் குறித்தாயிற்று. கணவர் தன் குளிசைப் பெட்டியை இப்போது அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறாராம்.