நாலே கார்டு, பத்து நிமிடப் பாட்டு: டெய்லர் ஸ்விஃப்டைக் கேட்கும் இரண்டு விதமான காதுகள்

அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஆல் டூ வெல்’ பாடலை முதல்முறை கேட்டபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டேன். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கு கார்டுகள் (chords), அதாவது சில சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டுகள், சுற்றிச் சுற்றி வந்தன. பாப் இசையில் எண்ணற்ற பாடல்களைத் தாங்கி நிற்கும் வரிசை அது. பாட்டு முடியும்வரை அதுவேதான் ஓடியது.

சில மாதங்கள் கழித்து, வரிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். பாட்டின் தொடக்கத்தில் ஒரு பெண் தன் ஸ்கார்ஃபைக் காதலனுடைய சகோதரியின் வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். போகிற போக்கில் சொல்லப்படும் செய்தி. அப்புறம் வெகுநேரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. காதல் முறிந்தபின், அவளுடைய பொருட்களையெல்லாம் திருப்பி அனுப்புகிறவன் அந்த ஸ்கார்ஃபை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டு அதேதான், காதும் அதேதான். எதைக் கவனித்தேன் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

ஸ்விஃப்ட் அளவுக்குக் கேட்பவர்களை இரண்டாகப் பிரிக்கும் பாடலாசிரியர் இன்று அரிது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை நான்கு முறை வென்ற முதல் கலைஞர் அவர். நான்காவது விருது 2024-இல் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பத்துக்குக் கிடைத்தது. அதே ஆளைப் பற்றி, அரைத்த மாவையே அரைக்கிறார் என்று சொல்பவர்களும் ஏராளம். இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் இசையை மூளை எப்படிக் கேட்கிறது என்று பார்த்தால், இரண்டு தரப்பும் தாங்கள் கேட்டதைச் சரியாகவே சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கேட்பது பாட்டின் வெவ்வேறு அடுக்குகளை.

பாட்டுக் கேட்கும் மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு கணமும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. இசை தரும் உணர்ச்சி இந்த எதிர்பார்ப்போடு விளையாடுவதால்தான் பிறக்கிறது என்று அமெரிக்க இசையியலாளர் லியோனார்ட் மேயர் 1956-லேயே வாதிட்டார். 2011-இல் கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள், தாங்கள் விரும்பும் இசையைக் கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில், இன்பத்தோடும் எதிர்பார்ப்போடும் தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருக்கும் நேரத்தில், மூளையின் இன்னொரு பகுதியிலும் சுரந்தது. காத்திருப்பும் இன்பத்தில் சேர்த்தி.

எந்த வகை எதிர்பார்ப்பு இன்பம் தருகிறது? 2019-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டே பார்த்தார்கள். பிரபலமான பாடல்களை வரிசைப்படுத்தும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இடம்பிடித்த 745 பாடல்களிலிருந்து சுமார் 80,000 கார்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எதிர்பாராதது என்று கணினி மாதிரியைக் கொண்டு அளந்தார்கள். வரிகளையும் மெட்டையும் நீக்கிவிட்டு, வெறும் கார்டுகளை மட்டும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ‘அடுத்தது இதுதான்’ என்று நிச்சயமாக நம்பியிருக்கும்போது வேறொன்று வந்தால் பிடித்தது. எது வரும் என்றே தெரியாத நிலையில், அதிகம் அதிரவைக்காத ஒன்று வந்தாலும் பிடித்தது.

சரி, இதை வைத்து ‘ஆல் டூ வெல்’லைப் பாருங்கள். 2021-இல் வெளியான அதன் நீண்ட வடிவம் 10 நிமிடம் 13 நொடி. பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களிலேயே மிக நீளமானது. கார்டுகளை மட்டும் பின்தொடரும் காதுக்கு, முதல் அரை நிமிடத்திலேயே மிச்சமெல்லாம் தெரிந்துவிடும். நிச்சயம் நிறைய, ஆச்சரியம் சொற்பம். அப்படிக் கேட்கும் ஒருவர் பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்து ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டால், அந்தக் கேள்வி நேர்மையானது.

ஆனால் பாட்டில் சொல்லும் இருக்கிறது. சொல்லும் சுரமும் மூளையில் ஒன்றாகக் கலந்து கேட்கப்படுகின்றனவா, தனித்தனியாகவா? பிரான்ஸில் மிரேய் பெஸ்ஸோனும் அவருடைய சகாக்களும் 1998-இல் அழகான ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பக்கவாத்தியம் இல்லாமல் பாடப்பட்ட ஓபரா வரிகளை இசைக்கலைஞர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சில வரிகளின் கடைசிச் சொல் பொருளோடு ஒட்டவில்லை. சில வரிகளில் கடைசிச் சுரம் பிசகியிருந்தது. சிலவற்றில் இரண்டுமே. தலையில் பொருத்திய மின்முனைகள், பொருந்தாத சொல்லுக்கு ஒருவித அலையையும் பிசகிய சுரத்துக்கு வேறுவித அலையையும் பதிவு செய்தன. இரண்டும் சேர்ந்து வந்தபோது இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று கூடின. ஒன்று மற்றதை அமுக்கவில்லை. ஒரே குரலில் வந்தாலும் சொல்லுக்கும் சுரத்துக்கும் மூளை தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது.

ஸ்விஃப்டின் எழுத்து ஏன் கேட்பவர்களைப் பிரிக்கிறது என்பதற்கான என் விளக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் ஆச்சரியங்களை முக்கியமாகச் சொல்லின் பக்கம் வைக்கிறார். சுரத்தின் பக்கத்தை வேண்டுமென்றே அமைதியாக விடுகிறார். 2008-இல் வந்த ‘லவ் ஸ்டோரி’யில் பல்லவி கடைசி முறை வரும்போது மெட்டு அதேதான், சுருதி மட்டும் ஒரு படி ஏறுகிறது. பாப் இசையில் மிகப் பழைய உத்தி அது. சுரத்தைக் கவனிப்பவருக்கு அதில் புதுமை இல்லை. ஆனால் அதுவரை காதலி கெஞ்சிக்கொண்டிருந்த அதே மெட்டில், இப்போது காதலன் மோதிரத்தோடு மண்டியிட்டுப் பேசுகிறான். பழகிய மெட்டில் பழகாத சொல் வந்து விழுகிறது. நிச்சயமாக நம்பியிருந்த இடத்தில் வேறொன்று வரும் அந்த இன்பம், இங்கே சொற்களின் வழியாகக் கிடைக்கிறது.

மெட்டு எளிமையாக இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1995-இல் உளவியலாளர் டயானா டாய்ச், தான் பேசிப் பதிவுசெய்த ஒரு வாக்கியத்தின் துண்டு திரும்பத் திரும்ப ஓடியபோது, அது பேச்சாக இல்லாமல் பாட்டாகக் கேட்பதைக் கவனித்தார். ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பத் திரும்ப வந்ததே பேச்சைப் பாட்டாக்கிவிட்டது. ஸ்விஃப்டின் பல மெட்டுகள் இந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கின்றன. சில சுரங்களுக்குள்ளேயே குரல் நடமாடும். ஒரே சுரத்தில் பல அசைகள் அடுக்கடுக்காக வரும். தோழி ஒருத்தி எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது போலிருக்கிறது என்று ஒருவர் சொல்வதும், இது பாட்டாகவே இல்லை என்று இன்னொருவர் சொல்வதும் இதே பண்பைப் பற்றித்தான்.

ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்டவர்களுக்கு இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாக இருக்கும். வேகமாக ஓடும் சொற்கள் காதில் பிடிபடாமல் போனால், மிஞ்சுவது கார்டும் தாளமும்தான். அவருடைய பாட்டில் குறைவாகச் செதுக்கப்பட்ட பகுதி மட்டும் கையில் கிடைக்கிறது.

வயதையும் சொல்ல வேண்டும். பழைய பாடல்கள் சொந்த வாழ்க்கையின் நினைவுகளைக் கிளப்பும்போது, நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் உள்ள மூளைப்பரப்பு செயல்படுவதை 2009-இல் பீட்டர் ஜனாட்டா காட்டினார். பதின்வயதில் கேட்டவை இதில் வலுவானவை. ஸ்விஃப்டின் முதல் ஆல்பம் 2006-இல் வந்தபோது அவருக்கு வயது 16. அன்று அவரோடு பதின்வயதில் இருந்தவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாடல்கள் சொந்த நாட்குறிப்பின் பக்கங்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு யாரோ ஒருவரின் நாட்குறிப்பு.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பதும் இங்கே பொருந்துகிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் முதலில் பிடிப்பு ஏறும், ஓர் உச்சிக்குப் பிறகு இறங்கும் என்பது உளவியலாளர் டேனியல் பெர்லைனின் பழைய கருத்து. எளிமையான ஒலி அந்த உச்சியைச் சீக்கிரம் தொட்டுவிடும். கடையிலும் காரிலும் தானாக வந்து காதில் விழும் பாட்டின் ஒலியை மட்டும் கேட்பவர் சீக்கிரம் சலித்துப்போவதில் வியப்பில்லை.

தன் எழுத்து ஒரே மாதிரியானதல்ல என்பது ஸ்விஃப்டுக்கே தெரியும். 2022-இல் நாஷ்வில்லில் பாடலாசிரியர்கள் சங்கத்தின் விருதைப் பெற்றபோது, தன் வரிகளை இறகுப்பேனா, மைப்பேனா, மினுமினுக்கும் ஜெல் பேனா என்று மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார். 2020-இன் ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தில் ஒரு முக்கோணக் காதலை மூன்று பாடல்களில் மூவரின் பார்வையிலிருந்தும் சொன்னார். அதுவரை அவரை ஒதுக்கிய பலர் அப்போது காதுகொடுத்தார்கள். அதில் இசைத் தயாரிப்பாளர் ஏரன் டெஸ்னர் அமைத்த பியானோவும் கிட்டாரும் கலந்த மெல்லிய ஒலி, சுரத்தின் பக்கம் நிற்பவர்களுக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றைத் தந்தது என்று நினைக்கிறேன். 2024-இல் ‘தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்’ 31 பாடல்களோடு வந்தபோது தராசு சொல்லின் பக்கம் முழுக்கச் சாய்ந்தது. சொற்கள் அதிகம் என்பதே அதன்மீது பெரிய புகாராக இருந்தது.

2025 அக்டோபர் 3 அன்று ‘தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்’ வந்தது. இசைத் தயாரிப்பாளர்கள் மாக்ஸ் மார்ட்டின், ஷெல்பேக் இருவரோடும் சேர்ந்து செய்த, 12 பாடல்கள் மட்டுமே கொண்ட, ஒலியில் இறுக்கமான ஆல்பம். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே, விற்பனையும் இணையத்தில் கேட்டதும் சேர்ந்த கணக்கில், 40 லட்சம் ஆல்பங்களைத் தாண்டிய சாதனை அதற்கு உண்டு. ஆனால் இம்முறை பலர் குறைசொன்னது வரிகளை. ஸ்கார்ஃபைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் செல்களை அளந்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. வரும் என்று பழகிய நேரத்தில் சாறு வராவிட்டால், சும்மா இருக்கும்போது இருந்த அளவுக்கும் கீழே இறங்கின. ஸ்விஃப்டின் வரிகளை எதிர்பார்த்தே இருக்காதவர்களுக்கு அந்த இறக்கம் நேர்ந்திருக்க வழியில்லை. பதினைந்து வருடங்களாக ஒவ்வொரு சொல்லுக்காகவும் காத்திருந்து பழகியவர்களுக்குத்தான் அது நேர்ந்திருக்க முடியும்.