கொப்பளித்தால் போகாத பசை

"இனிப்பு சாப்பிட்டா உடனே வாய் கொப்பளிச்சுடுவேன் டாக்டர், எனக்கு எப்படிச் சொத்தை வரும்?" இப்படிக் கேட்பவரின் பற்களில் ஒரு சாயத்தைத் தடவிவிட்டு, மறுபடி கொப்பளிக்கச் சொல்வேன். பல்லின் நடுப்பகுதி வெளுத்துவிடும். ஈறோரத்தில் சாயம் அப்படியே நிற்கும். கருவி முனையால் அங்கே சுரண்டினால் வெள்ளையாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும்.

அது சாப்பாட்டு மிச்சம் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் நாம் தின்ற சர்க்கரையிலிருந்து நெய்துகொண்ட பசை. நெய்யும் தறி, குளுக்கன்சுக்ரேஸ் என்ற என்சைம்.

இந்த வகை என்சைமின் வடிவத்தை 2010-இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர் மூலம் கண்டார்கள்; அவர்கள் எடுத்துக்கொண்டது லாக்டோபேசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் என்சைம். புரதச் சங்கிலி மேலிருந்து இறங்கி, 'ப' எழுத்துப் போலத் திரும்பி, மறுபடி மேலேறுகிறது. ஐந்து பகுதிகளில் நான்கு, இறங்கும் காலும் ஏறும் காலும் சேர்ந்து உருவானவை. அடியில் உள்ளது மட்டும் ஒரே துண்டு. இயற்கை ஏன் இப்படிச் சுற்றி வளைத்தது என்று நானும் யோசித்ததுண்டு.

வேலை நடப்பது ஒரு சின்னப் பள்ளத்தில். சுக்ரோஸ், அதாவது நாம் தின்னும் சர்க்கரை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிணைந்த ஜோடி. அதன் குளுக்கோஸ் பாதி உள்ளே பொருந்த, பிணைப்பு அறுகிறது. ஃப்ரக்டோஸ் கழன்று போகிறது, குளுக்கோஸ் வளரும் சங்கிலியில் கோர்க்கப்படுகிறது. அறுந்த பிணைப்பின் ஆற்றலே கோர்க்கவும் போதும். அதனால் பாக்டீரியாவுக்கு வெளியே, பல்லின் மேல் ஒட்டியபடியே இது வேலை செய்யும். குளுக்கோஸ்களைக் கோர்க்கும் விதத்துக்கு ஏற்பப் பிணைப்பின் பெயர் மாறும்: ஆல்ஃபா-1,6 பிணைப்பு மிகுந்த சங்கிலி தண்ணீரில் கரையும். ஆல்ஃபா-1,3 மிகுந்தது கரையாது. மியூட்டன்ஸிடம் இத்தகைய என்சைம்கள் மூன்று, அவற்றில் ஒன்றின் முக்கியத் தயாரிப்பே இந்தக் கரையாத சரக்கு. கொப்பளித்து என்ன பயன்?

கழன்ற ஃப்ரக்டோஸும் வீணாவதில்லை. பாக்டீரியா அதைத் தின்று அமிலம் விடுகிறது. பசைக்கு அடியில் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்.

"அந்த என்சைமையே மருந்தால் அடைத்துவிட முடியாதா?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. சிக்கல், மாவுச்சத்தைச் செரிக்கும் நம் உமிழ்நீர் என்சைமான அமைலேஸும் இதற்குத் தூரத்து உறவு. ஒன்றை அடைக்கப்போய் மற்றதையும் அடைத்துவிடக் கூடாது.

பல்லில் சாயம் தடவியிருந்த அந்த மாணவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தேன். ஈறோரமாகச் சாய்த்து மெதுவாகத் தேய்த்ததும் சாயம் போய்விட்டது. இரண்டு கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மட்டும் ஒரு கோடு மிச்சம். அதற்குப் பல் இடுக்கு நூலை எடுத்து நீட்டினேன்.