பெட்டியில் பத்து றீட், தேறுவது எத்தனை?

யாராவது கொழும்புக்குப் போகிறார்கள் என்றால் திருகோணமலையில் கிளாரினெட் வாசிக்கிற எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது றீட் பெட்டிதான். றீட் என்பது மவுத்பீஸில், அதாவது வாத்தியத்தை வாய் வைத்து ஊதும் முனையில், பூட்டுகிற மெல்லிய துண்டு; ஊதும்போது அதிர்வது அதுதான். நினைத்த நேரத்தில் நினைத்த இலக்கம் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. சொல்லிவிட்டு, காசு கொடுத்துவிட்டு, பெட்டி வரும்வரை பழைய றீட்டோடு சமாளிக்க வேண்டும். போன வைகாசியில் அப்படி ஒரு பெட்டி வந்த அன்று உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்தப் பெட்டியின் விலைக்கு ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கிவிடலாம். எங்களுக்கு மூத்த அண்ணை ஒருவர் ஒரு றீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒரு புல்லுத் துண்டுக்கா இவ்வளவு காசு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அது உண்மையிலேயே புல்தான். அருண்டோ டோனாக்ஸ் என்ற அந்தத் தாவரம் நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் சேர்ந்த புல் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் பிரான்ஸின் வார் பகுதியில் விளையும் தட்டைக்குத்தான், அதாவது இந்தப் புல்லின் தண்டுக்குத்தான், பெயர் அதிகம். ஆர்ஜென்டினாவிலும் பயிரிடுகிறார்கள். முற்றிய தண்டை வெட்டிக் காயவைத்து, நெடுக்காகப் பிளந்து, சீவி, இழைத்து றீட் ஆக்குகிறார்கள்.

இந்தப் புல்லுத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் விலையைப் பற்றிப் பேசுவது சுலபம். றீட் ஒரு கதவு. அதன் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஊதும்போது வாய்க்குள் ஏறும் அழுத்தம் கதவைச் சாத்தப் பார்க்கும். குழலுக்குள் புகுந்த அழுத்த அலை, திறந்திருக்கும் முதல் துளைவரை ஓடித் தலைகீழாகத் திரும்பி வந்து கதவை இழுத்துச் சாத்தும். இன்னொரு தடவை போய்வந்து அதைத் தள்ளித் திறக்கும். ஆக, அலை இரண்டு தடவை போய்வந்தால் கதவு ஒரு தடவை திறந்து மூடியதாகக் கணக்கு. பி பிளாட் கிளாரினெட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 147 தடவை நடக்கிறது. அந்த மெல்லிய நுனி அத்தனை தடவையும் ஒரே மாதிரி வளைந்து கொடுக்க வேண்டும்.

பத்திரகாளி அம்மன் கோவில் வீதியில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இரண்டு வாத்தியத்துக்கும் உள்ள வேறுபாடு காதிலேயே தெரியும். நாதஸ்வரத்தின் றீட்டான சீவாளியில் இதழ் இரண்டு, கிளாரினெட்டில் ஒன்றுதான். ஆனால் குரலை மாற்றுவதில் பெரும்பங்கு குழலுக்கு. நாதஸ்வரக் குழல் கூம்பு, கிளாரினெட் உருளை. ஒரு முனை மூடியதுபோல் இயங்கும் உருளைக் குழலில், அடிப்படை அதிர்வின் 3, 5, 7 மடங்குகள் பலமாக எழும், இரட்டைப்படை மடங்குகள் மெலிந்துவிடும். கிளாரினெட்டின் கீழ்ச் சுரங்களில் கேட்கிற அந்த உருண்டை நாதம் இதனால்தான். ஸ்தாயி மாற்றும் சாவியை அழுத்தினால் சுரம் மேல் ஸட்ஜத்தில் நிற்காமல் அதற்கும் மேலே உள்ள பஞ்சமத்துக்குத் தாவுவதும் இதனால்தான். நாதஸ்வரக் கலைஞர் சீவாளியை வாயில் வைத்து ஊறவிடுவதையும், மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் தலைவலி ஒன்றுதான்: தாவரம்.

ஒரு றீட்டை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு இருண்ட நாக்கு வடிவம், அதைச் சுற்றி வரவர வெளிச்சம். அதற்குள் நெடுக்காக ஓடும் நார்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். விறைப்பைத் தருவது இந்த நார்கள்தான். அவற்றுக்கு நடுவே இருப்பது மென்மையான சோற்றுத் திசு. நுனியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ., அதாவது ஒரு எழுதும் தாள் அளவு. அந்த மெல்லிசில் இடப்பக்கம் நாலு நார் நெருக்கமாகவும் வலப்பக்கம் ஐதாகவும் விழுந்தால் போதும், கதவு கோணலாகச் சாத்தும். இயந்திரம் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் தண்டுக்குள் நார் எங்கே ஓடும் என்று அதனால் தீர்மானிக்க முடியாது. ஒரே பெட்டியில் ஒன்று தேனாகவும் அடுத்தது தகரமாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

அப்படியானால் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது? தெரிந்தெடுத்த தட்டையும் வெட்டின் வடிவமும் கிடைக்கின்றன. வான்டோரன் நிறுவனத்தின் சாதாரண றீட்டுக்கு அடிப்பகுதித் தடிப்பு 2.8 மி.மீ., அவர்களுடைய வி12 வகைக்கு 3.15 மி.மீ. பின்னதற்குத் தடித்த தட்டை வேண்டும், விலையும் கூட. குரல் கொஞ்சம் கனத்து வரும் என்பது என் அனுபவம். ஆனால் பெட்டியில் உள்ள இலக்கம் தரத்தைக் காட்டுவதில்லை. 2, 2½, 3 எல்லாம் விறைப்பின் அளவுகள், அதுவும் கம்பனிக்குக் கம்பனி வேறு. றீக்கோவின் 3, வான்டோரனின் 3ஐவிட இளக்கமாக இருக்கும். இதைத் தெரியாமல் “பெரிய இலக்கம் நல்லது” என்று பிள்ளைகளுக்கு 3½ வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. பாவம், அந்தப் பிள்ளை காற்றை ஊதி ஊதிக் களைத்துப்போகும்.

விலையை நான் பெட்டிக்குப் பார்ப்பதில்லை, தேறிய றீட்டுக்குத்தான் பார்க்கிறேன். மலிவான பெட்டியில் பத்துக்கு மூன்று தேறி, விலை கூடிய பெட்டியில் ஆறு தேறினால், இரண்டாவது இரண்டு மடங்கு விலை என்றாலும் கணக்கு சமம்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு மலிவானதே போதும் என்பது என் முடிவு. லெஜேர் போன்ற பிளாஸ்டிக் றீட் ஒன்றின் விலை பல தட்டை றீட்டுகளுக்குச் சமம். ஆனால் அது ஊறவும் வேண்டாம், காயவும் மாட்டாது.

எங்கள் ஊரில் இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமே இல்லை. கச்சான் காற்று, அதாவது தென்மேல் பருவக்காற்று, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கீழே இறங்க இறங்கச் சூடேறி, வறண்டுபோய்த்தான் எங்களிடம் வருகிறது. அந்த மாதங்களில் மேசையில் வைத்த றீட்டின் நுனி காய்ந்த வெற்றிலை ஓரம்போல நெளிந்துவிடும். நார்கள் சுருங்குவதைவிட நடுத் திசு அதிகம் சுருங்குவதால் வரும் நெளிவு அது. ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, கண்ணாடித் துண்டில் வைத்துப் பெருவிரலால் தட்டையாக நீவினால் நேராகும். வாசித்து முடித்ததும் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாதவர் எந்த விலைக்கு வாங்கினாலும் வீண்தான்.

அப்புறம் ஒன்று. றீட் சரியில்லை என்றால் உடனே எறியாதீர்கள். மவுத்பீஸை வாயில் கொஞ்சம் இடப்பக்கம் சரித்து ஊதுங்கள், பிறகு வலப்பக்கம். சரிக்கும்போது ஒரு பக்கத்தை உதடு அமுக்கும், மற்றப் பக்கம்தான் அதிரும். எந்தப் பக்கம் அதிரும்போது அடைத்த மாதிரிக் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் விறைப்பு கூட. அங்கே மட்டும் 600ஆம் நம்பர் அரத்தாளால் மூன்று நான்கு இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம், சீவியதைத் திருப்பி ஒட்ட முடியாது.

அந்த வைகாசிப் பெட்டியில் மூன்றுதான் தேறின. மற்ற ஏழுக்கும் பென்சிலால் இலக்கம் போட்டு டப்பாவில் எடுத்து வைத்தேன். மார்கழியில், வாடை மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், ஐந்தாம் இலக்கத்தை எடுத்து ஊதிப் பார்த்தேன். வைகாசியில் காற்று மட்டும் வந்த அதே றீட், ஈரம் ஏறி இளகி, கீழ் ஸ்தாயி முழுக்கத் திறந்து பாடியது. அண்ணையைக் கூப்பிட்டு ஊதிக் காட்டினேன். “எந்தப் பெட்டி?” என்று கேட்டார். “நீங்கள் புல்லு என்று சொன்ன பெட்டிதான்” என்றேன். கையை நீட்டி வாங்கி, யன்னலுக்கு நேரே பிடித்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.