ஏர் ஃபில்டர்: கழுவிப் போடுவதா, புதிதாக மாற்றுவதா?

ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய, அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் அது ஏறத்தாழ 9,000 லிட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக் 12,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் 21 லட்சம் லிட்டர் காற்றை இழுத்திருக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லிகிராம் தூசி என்று வைத்துக்கொண்டாலும், என்ஜின் வாசலுக்கு வரும் தூசி 2 கிராமைத் தாண்டுகிறது. அதை வாசலிலேயே பிடித்து நிறுத்துவதுதான் ஏர் ஃபில்டரின் வேலை.

எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் சட்டையில் படியும் பொடியை மாவு என்று நினைக்க வேண்டாம். அது உடைத்த கருங்கல். அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற தாதுவின் கடினம், 10 வரை போகும் மோஸ் அளவில் 7, இரும்பையே கீறும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான். அதைவிடப் பெரிய துகள் உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டே போகும். கம்ப்ரஷன் இறங்கும், வண்டி ஆயில் குடிக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் செலவோடு ஒப்பிட்டால் ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை.

ஏர் ஃபில்டரைச் சல்லடை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அதன் துளைகள் பல துகள்களைவிடப் பெரியவை. காற்று இழைகளைச் சுற்றி வளைந்து போகும்போது, கனமான துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது. நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணியவை தாறுமாறாக அலைந்து ஏதாவதொரு இழையில் சிக்கும். ஒட்டிய தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும் வலையாகிறது. அதனால்தான் லேசாக அழுக்கேறிய காகித ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாக வடிகட்டுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் தட்டுவது அந்த வலையைக் கலைக்கும் வேலை.

ஒருமுறை பயன்படுத்தி மாற்றும் காகிதத்தில் இரண்டு வகை உண்டு. உலர்ந்த காகிதமானால், சுத்தமான உட்பக்கத்திலிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மிகாமல், நாசிலைத் தள்ளிப் பிடித்து மெதுவாகக் காற்று அடிக்கலாம். இன்று நம் கம்யூட்டர் பைக்குகள் பலவற்றிலும் ஸ்கூட்டர்களிலும் இருப்பது பிசுபிசுப்பான எண்ணெய் ஊட்டிய 'விஸ்கஸ்' காகிதம். இதில் தூசி எண்ணெயில் ஒட்டியிருக்கிறது; கம்ப்ரஸர் காற்றுக்கு அது வராது. அழுத்தி அடித்தால் காகிதம்தான் கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், காற்று தடை குறைந்த அந்த வழியாகவே பாயும். பல வண்டிகளுக்கு 12,000 முதல் 16,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்வார்கள். உங்கள் கையேட்டில் உள்ள கணக்கே கணக்கு. செம்மண் சாலையும் குவாரித் தூசியும் தினசரி வழியென்றால் அதில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

மறுபடி பயன்படுத்தும் வகையில் ஃபோமும், கம்பி வலைக்கு நடுவே வைத்த பருத்தித் துணியும் உண்டு. இரண்டிலும் தூசியைப் பிடிப்பது எண்ணெய். எண்ணெய் போடாத ஃபோம் வெறும் பஞ்சு. ஃபோமைக் கழுவ மண்ணெண்ணெய் அல்லது சோப்பு நீர் போதும். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்தோடு ஃபோமை ஒட்டிய பசையும் விட்டுப்போகும். உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிழியுங்கள்; துணியைப் போல முறுக்கினால் கிழியும். நிழலில் முழுக்கக் காய வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெய் பிடிக்காது. பிறகு ஃபில்டர் ஆயிலில், அல்லது கையேடு அனுமதித்தால் 80-90 கியர் ஆயிலில், நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிய வேண்டும். விரலால் கிள்ளினால் பொடியாக உதிரும் ஃபோமைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்; அந்தத் துணுக்குகள் போய்ச்சேரும் இடம் என்ஜின்தான்.

பருத்தி ஃபில்டருக்கு மடிப்பு மடிப்பாக மெல்லிய கோடாக அதற்கான ஆயில் விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். வெளுத்த திட்டு தெரிந்தால் அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம். அளவு மிஞ்சினால் ஆயில், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் இழுக்கப்பட்டுக் கசடாகும்.

"காற்று அதிகம் போகும், பவர் ஏறும்" என்று சொல்லி விற்கப்படுவதும் இந்தப் பருத்தி வகைதான். 125 சிசி வண்டியில் காற்றைக் கட்டிப் போடுவது பெரும்பாலும் த்ராட்டிலும், ஃபில்டர் உட்காரும் பெட்டியான ஏர் பாக்ஸின் குறுகிய வாயும். சுத்தமான காகித ஃபில்டருக்குப் பதில் இதைப் போடுவதால் கிடைப்பது மிகச் சொற்பம். இழப்பைப் பாருங்கள். ஒரு ஃபில்டர் தூசியில் 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் இரண்டு சதவீதமாகத் தெரியும். ஆனால் உள்ளே போகும் தூசி ஒன்றுக்கு மூன்று. வாங்குவதானால், ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் சர்வதேச முறையான ஐஎஸ்ஓ 5011 படி அது எத்தனை சதவீதம் தூசி பிடிக்கிறது என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மைலேஜ் குறையட்டும், அப்புறம் மாற்றலாம் என்று காத்திருப்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அதில் ஃபில்டர் அடைத்தால் கலவையில் பெட்ரோல் மிஞ்சும், பிளக் கறுக்கும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்ஸார்கள் காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இத்தகைய கார்களைச் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. 2020-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் நம் புதிய பைக்குகளும் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்ஷன்தான்.

ஆகவே தார்ச்சாலையில் வேலைக்குப் போய்வரும் 100–150 சிசி வண்டிக்கு, கம்பெனி கொடுத்த காகித வகையையே சரியான நேரத்தில் மாற்றுவது நல்லது. ஃபோம், மண்சாலையில் ஓட்டி அடிக்கடி தானே கழுவி எண்ணெய் போடுகிறவருக்கு. அந்த வேலையை சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுகிறவருக்கு அல்ல.

எதைப் போட்டாலும் விளிம்பு ரப்பர் சுற்றிலும் சீராக உட்கார வேண்டும். அடுத்தமுறை கழற்றும்போது, ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் இடைப்பட்ட குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நறநறவென்று சாம்பல் பொடி வந்தால், ஃபில்டர் கிழிந்திருக்கிறது அல்லது விளிம்பில் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.