கல்யாணப் பாயில் பெயர் எப்போது ஏறுகிறது?

பத்தமடையில் கல்யாணப் பாய்க்குச் சொல்லிவைக்கப் போகிறவர் கையோடு பத்திரிகையையும் எடுத்துப்போவது நல்லது. பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் எழுத்துப் பிசகாமல் பாயில் வர வேண்டுமே! அந்தப் பாயை யாரும் முன்கூட்டியே நெய்து அடுக்கிவைக்க முடியாது. வேறு வீட்டுக் கல்யாணத்துக்கு அதை விற்க முடியுமா? ஆனால் அதே ஊரில் சாதாரணக் கோரைப்பாய் சுருட்டிச் சுருட்டி அடுக்கியிருக்கும். காசைக் கொடுத்துவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

ஒன்று ஆர்டருக்குச் செய்வது, மற்றது இருப்புக்குச் செய்வது. எவ்வளவு பெரிய தொழிற்சாலையாக இருந்தாலும், உற்பத்தித் திட்டம் போட உட்காரும்போது முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். இதற்கு விடை சொல்ல இரண்டு கணக்கு போதும். பொருளைச் செய்து முடிக்க எத்தனை நாள்? வாங்குகிறவர் எத்தனை நாள் பொறுப்பார்?

திருநெல்வேலி அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பால் பிழிந்து, புளிக்கவைத்து, அப்புறம்தான் அடுப்பில் ஏற்றிச் சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்ட வேண்டும். கோதுமை ஊறுவதே முந்தின நாள் வேலை. வாங்க வருகிறவரோ சில நிமிடம்தான் நிற்பார். ஆக, நாளைக்கு எத்தனை கிலோ போகும் என்பதை இன்றைக்கே கணித்துத்தான் கோதுமையை நனைக்க வேண்டும்.

கல்யாணப் பாய் முழுக்க முழுக்க ஆர்டருக்கே செய்யப்படுவது போலத் தெரியும். உண்மையில் அப்படியில்லை. கோரையை அறுக்க வேண்டும், காயவைக்க வேண்டும், தண்ணீரில் ஊறப்போட்டு மெல்லிசாகக் கீற வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும். பத்திரிகை வந்த பிறகு இத்தனையையும் தொடங்கினால் முகூர்த்தம் தாண்டிவிடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 நாள் ஆகும், கல்யாண வீட்டார் 15 நாள்தான் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 25 நாள் வேலை அவர்கள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீறிய கோரை தயாராகக் காத்திருக்கும். தறியில் பெயர் மட்டும் கடைசியில் ஏறும். பாதி வேலை கணிப்பை நம்பி நடக்கிறது, மீதி ஆர்டர் வந்தபின் நடக்கிறது. இந்த இரண்டு பாதியையும் பிரிக்கும் கோடு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

வகை பிரிக்கும் வேலையை ஆர்டர் வரும்வரை தள்ளிப்போடுவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. 9 வகைப் பாய் விற்கிறீர்கள். எதிர்பாராத கிராக்கிக்காக வகைக்கு 10 பாய் கூடுதலாக வைக்கிறீர்கள் என்றால் மொத்தம் 90. அதற்குப் பதிலாக, சாயம் ஏறாத கோரையாகவே பொதுவில் வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 30 பாய்க்கான கோரை போதும். ஒரு வகை கூடுதலாகப் போகும் நாளில் இன்னொன்று குறைவாகப் போகும், இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் கையிருப்பு 9 மடங்காக வேண்டியதில்லை. 9-ன் வர்க்கமூலமான 3 மடங்கு போதும். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டரைப் பின்னி வைத்துக்கொண்டு கடைசியில் சாயமேற்றியது இதே கணக்கில்தான்.

தாழையூத்து பக்கம் போனால் இதையே சிமென்ட்டில் பார்க்கலாம். அங்கே சங்கர்நகர் ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில் சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வெந்து, கிளிங்கர் என்ற கருஞ்சாம்பல் உருண்டைகளாக வரும். சூளையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. எரிபொருள் வீணாவதோடு, உள்ளே பதித்த செங்கல்லும் சூடும் குளிருமாக மாறி மாறி வெடித்துவிடும். ஆகவே சூளை ஓடிக்கொண்டே இருக்கும், கிளிங்கர் குவியும். நனையாமல் வைத்தால் அது மாதக்கணக்கில் தாங்கும். ஜிப்சம் சேர்த்து அரைத்து மாவாக்கிவிட்டால் காற்றின் ஈரமே எதிரி. 3 மாதம் தாண்டிய சிமென்ட்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பார்கள். கூடவே நிலக்கரிச் சாம்பல் சேர்ப்பதா வேண்டாமா என்பதும் அரைக்கும்போதுதான் முடிவாகிறது. கோடு கிளிங்கர் குவியலில் விழுவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்!

சரி, அந்த வர்க்கமூலக் கணக்கு எப்போதும் கைகொடுக்குமா? கொடுக்காது. ஆவணியும் தையும் வந்தால் எல்லா வகைப் பாயும் ஒரே சமயத்தில் கேட்பார்கள். ஒன்று ஏற ஒன்று இறங்கினால்தானே ஈடுகட்டும்? அப்போது இரண்டு வழிதான். வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் செய்து சேர்த்துவைக்கலாம். அல்லது சீசனுக்கு ஆள் கூட்டலாம். முதல் வழியில் பணம் குடோனில் முடங்கும், வட்டி ஏறும். இரண்டாவதில் கைத்திறன் தடை போடும். மெல்லிய பாய் நெய்யும் கையை ஒரு மாதத்தில் பழக்கிவிட முடியாது.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு இன்னும் சிக்கல். ஆள் கிடைத்தாலும் வெயில் கிடைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அது முடிந்த கையோடு பொங்கலும் தை முகூர்த்தங்களும் வந்துவிடும். கிராக்கி உச்சத்துக்குப் போகும் முன்பு காயவைக்க வழியில்லாத மாதங்கள். வெயிலை நம்பித் தொழில் செய்பவர் உலர்த்தும் இயந்திரம் வாங்கி மின்கட்டணம் கட்டலாம். இல்லையென்றால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே, தை மாதப் பந்திக்கான அப்பளத்தை இட்டு உலர்த்திக் கட்டிவைக்க வேண்டும்.